கவுனுக்கு ஒரு வழி, காசுக்கு ஒரு வழி

வாசகி கேள்வி:

என் கணவர் லாரி மோதி இறந்தார். எங்கள் ஊர் வக்கீல் ஒருவர் நஷ்டஈடு வழக்குப் போட்டார். வரும் தொகையில் நூற்றுக்கு இருபது அவருக்கு என்று பேச்சு. தீர்ப்பாகி, மகளின் பங்கு அவள் மேஜராகும்வரை கோர்ட் மூலமாக டெபாசிட்டில் இருக்கிறது. என் பங்கு 6,80,000 ரூபாய் என் கணக்குக்கு வந்தது. "பணம் எடுக்க அலையாதீங்க, குமாஸ்தா பார்த்துப்பார்" என்று சொல்லி, அதற்கு முன்பே பத்து செக் இலையில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். ஒன்பது நாளில் மூன்று செக்கில் 6,30,000 ரூபாய் எடுத்துவிட்டார். கேட்டால், "பீஸ், செலவு போக மீதியைக் கைமாத்தா எடுத்திருக்கேன், தந்துடுவேன்" என்கிறார். போன மாதம் இரண்டு லட்சத்துக்கு ஒரு செக் கொடுத்தார். பணமில்லை என்று திரும்பிவிட்டது. வழக்குக் கட்டைக் கேட்டேன், பாக்கி பீஸைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்கிறார்.

இவர் மேல் முன்பே புகார் உண்டாம். ஒரு தடவை சமாதானமாகப் போனது, இன்னொரு தடவை ஆறு மாதம் சஸ்பெண்ட் ஆனார் என்று கோர்ட் வாசல் டைப்பிஸ்ட் சொன்னார். அப்படியும் கவுன் போட்டுக்கொண்டு வருகிறாரே, எப்படி? இவர் சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, நிரந்தரமாகப் பறிக்க முடியுமா? என் அண்ணன் மகன் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறான். இதற்கிடையில் ஒருவர் வந்து, மூன்று லட்சம் வாங்கித் தருகிறேன், புகார் எதுவும் இல்லை என்று எழுதிக்கொடு என்கிறார். என்ன செய்வது?

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்டது கவுனைப் பற்றி. நான் முதலில் தேடியது, நீங்கள் அனுப்பிய படங்களில், செக் திரும்பியது என்று வங்கி கொடுக்கும் ரிட்டர்ன் மெமோ எங்கே, அதில் என்ன தேதி என்று. செக் திரும்பிய தகவல் உங்கள் கைக்கு வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. செலாவணி முறிச்சட்டம் 138-வது பிரிவில், அந்தத் தகவல் வந்த முப்பது நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் போய்விட வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளில் அவர் பணம் தராவிட்டால், அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தப் பக்கம் அச்சாகி வருவதற்குள் அந்தப் பன்னிரண்டு நாளும் போய்விடும் என்பதால், கைபேசியிலேயே உங்களிடம் சொல்லிவிட்டேன். பதிவுத் தபால் ரசீதை நீங்கள் அனுப்பியதையும் பார்த்தேன். நல்லது. அந்த ரசீதைப் பாஸ்புத்தகத்தோடு பத்திரமாக வையுங்கள்.

அந்தச் செக்கால் இன்னொரு லாபமும் உண்டு. வக்கீல் தன் கணக்கிலிருந்து கட்சிக்காரருக்கு இரண்டு லட்சம் எதற்காகக் கொடுப்பார்? நாளைக்கு "நான் பணமே எடுக்கவில்லை, அந்தம்மாவே எடுத்துச் செலவு பண்ணிட்டாங்க" என்று அவர் சொன்னால், அதற்குப் பதில் அவர் கையெழுத்திலேயே உங்களிடம் இருக்கிறது.

சரி, கவுனுக்கு வருவோம்.

பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. கோர்ட் வளாகத்தில் போர்டு வைத்திருப்பது வழக்கறிஞர் சங்கம், அதாவது பார் அசோசியேஷன். அங்கே மனுக் கொடுத்தால் தலைவர் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவார், அவ்வளவுதான் அவரால் முடியும். சன்னது கொடுப்பதும் பறிப்பதும் பார் கவுன்சில். நம் மாநிலத்துக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே கவுன்சில், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. உங்கள் வக்கீலின் பதிவு எண் வக்காலத்தில் அவர் பெயருக்குக் கீழே ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும். எம்.எஸ். என்று தொடங்கி, எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடு, அதற்குப் பின் அவர் பதிவு செய்த ஆண்டு. புகாரில் அந்த எண்ணைப் போட்டுவிட்டால் ஆள் யார் என்பதில் சந்தேகம் வராது. ஒரே இனிஷியலில் நான்கு பேர் இருக்கும் தொழில் இது.

மாவட்ட நீதிபதியிடம் போனால் என்ன என்றும் கேட்பார்கள். நீதிபதியால் கவுனைக் கழற்ற முடியாது. உச்சநீதிமன்றத்தாலேயே அது நேரடியாக முடியாது. 1995-ல் அவமதிப்பு வழக்கு ஒன்றில் ஒரு வக்கீலை உச்சநீதிமன்றம் மூன்றாண்டு சஸ்பெண்ட் செய்தது. அவர் யார் தெரியுமா, அப்போதைய இந்திய பார் கவுன்சிலின் தலைவர்! 1998-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மறுபடி ஆராய்ந்து, அவமதிப்புக்குத் தண்டனை கொடுக்கலாம், ஆனால் அதையே சாக்காக வைத்துச் சன்னதில் கை வைக்கக் கூடாது, அது பார் கவுன்சிலின் வேலை என்று சொல்லிவிட்டது.

அந்த வேலைக்கான சட்டம் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், 35-வது பிரிவு. புகார் வந்ததும் கவுன்சில் முதலில் வக்கீலிடம் விளக்கம் கேட்கும். விஷயம் இருக்கிறது என்று பட்டால், மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். மூவரும் வக்கீல்கள்தான். அங்கே ஒரு சிவில் கோர்ட் போலவே விசாரணை நடக்கும். சாட்சியை வரவழைக்கலாம், வங்கியிலிருந்து ஆவணம் கேட்டு வாங்கலாம், குறுக்கு விசாரணை உண்டு. முடிவில் குழு நாலில் ஒன்றைச் செய்யலாம். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், இத்தனை காலம் என்று சஸ்பெண்ட் செய்யலாம், பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கலாம். நீங்கள் கேட்கும் 'நிரந்தரம்' அந்த நாலாவது. சஸ்பெண்ட் ஆனாலே இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும், எந்த அதிகாரி முன்பும் அவர் வக்கீலாக நிற்கக் கூடாது, பதிவுச் சான்றிதழையும் திரும்ப வாங்கிவிடுவார்கள். மீறி ஆஜரானால் 45-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை.

அந்த நாலில் எதில் உங்கள் 6,30,000 ரூபாய் இருக்கிறது? எதிலும் இல்லை. விசாரணைச் செலவைக் கொடுக்கச் சொல்லலாமே தவிர, எடுத்த பணத்தைக் கட்சிக்காரருக்குத் திருப்பிக் கொடு என்று உத்தரவிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு 35-வது பிரிவில் கிடையாது. பார் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டுப் பணம் வரும் என்று மூன்று வருடம் காத்திருந்து, வசூல் வழக்குக்கான மூன்றாண்டுக் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கவுனுக்கு ஒரு வழி, காசுக்கு ஒரு வழி. இரண்டிலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், ஒன்று முடியட்டும் என்று மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை.

காசின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செக்குக்கு 138. முழுத் தொகைக்குச் சிவில் வசூல் வழக்கு. நம்பிக்கை மோசடிக்குக் காவல் துறையில் புகார். பணம் எடுத்தது 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 406, 420. அதற்குப் பிறகு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 316, 318. உள்ளூர் ஸ்டேஷனில் "வக்கீல் விவகாரமா, பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். அங்கே வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் அண்ணன் மகன் சொன்ன நுகர்வோர் கோர்ட் வழி 2024 மே மாதமே அடைபட்டுவிட்டது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஆனால் என் உடன்பாட்டை யார் கேட்டார்கள்.

இனி, இரண்டு முறை புகாரான ஆள் எப்படி இன்னும் கவுனோடு வருகிறார் என்ற கேள்வி. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்.

சஸ்பெண்ட் என்பது காலக்கெடுவோடு வருவது. ஆறு மாதம் என்றால் ஏழாவது மாதம் அவர் கவுனைச் சலவைக்குப் போட்டு எடுத்து மாட்டிக்கொண்டு வரலாம். மேல்முறையீடும் உண்டு. மாநிலக் கவுன்சில் உத்தரவை எதிர்த்து அறுபது நாளுக்குள் டெல்லியில் இந்திய பார் கவுன்சிலுக்குப் போகலாம், அங்கிருந்து இன்னொரு அறுபது நாளுக்குள் உச்சநீதிமன்றத்துக்கு. மேல்முறையீடு போட்டதனாலேயே தண்டனை நின்றுவிடாது. ஆனால் தடை கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு படியிலும் தண்டனை சற்றுக் கரைவதும் உண்டு.

நாங்கள் ரங்கதுரை வழக்கு என்று சொல்லும் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டு வழக்குதான். காது கேளாத ஒரு முதியவர், கையில் பிராமிசரி நோட்டுகளை வைத்துக்கொண்டு, வழக்குப் போடச் சொல்லி வக்கீலிடம் பணம் கொடுத்தார். வக்கீல் போடாமலே போட்டாயிற்று என்று சொல்லி வந்தார். மாநிலக் கவுன்சில் ஆறு ஆண்டு சஸ்பெண்ட் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாக்கியது. உச்சநீதிமன்றம் அதையும் குறைத்து, ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி வேலை செய், பெரியவருக்கு 2,500 ரூபாய் கொடு என்று திருத்தும் வழியில் போனது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. திருந்த ஒரு வாய்ப்புக் கொடுப்பதில் தவறில்லைதான். ஆனால் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம், நோட்டுக்கு வழக்குப் போடும் கெடு கடந்துவிடுமோ என்று வக்கீல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்தான் எனக்கு ஞாபகம் வருவார்.

இப்போது 2002-க்கு வாருங்கள். உத்தரப் பிரதேசம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வயதானவரின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு நஷ்டஈட்டை கோர்ட்டில் கட்டியது. எவ்வளவு? 8,118 ரூபாய். 1987-ல் வக்கீல் அதை எடுத்து வைத்துக்கொண்டார். பெரியவர் பார் கவுன்சிலுக்குப் புகார் எழுதினார். பீஸும் செலவும் போக மீதியைக் கொடுத்துவிட்டேன் என்றார் வக்கீல். கொஞ்ச நாளில், சமாதானமாகிவிட்டது, புகாரை விட்டுவிடுகிறேன் என்று பெரியவர் பெயரிலேயே ஒரு பிரமாணப் பத்திரம் கவுன்சிலுக்கு வந்து சேர்ந்தது. பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டால், நான் அப்படி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை என்கிறார். இந்திய பார் கவுன்சில் அந்த வக்கீலை மூன்றாண்டு சஸ்பெண்ட் செய்தது. அதோடு விட்டிருக்கலாம். அதை எதிர்த்து அவரே உச்சநீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார். நீதிமன்றம், ஏன் தண்டனையைக் கூட்டக்கூடாது என்று அவரிடமே விளக்கம் கேட்டு, கடைசியில் பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது வக்கீல் செய்யும் தவறுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 8,118 ரூபாய்க்கு ஒரு சன்னது போயிற்று. உங்கள் தொகையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர் பதில்: பறிக்க முடியும், அதுவும் பணக் கையாடல் நிரூபணமானால் வலுவாகவே கேட்கலாம். முந்தைய சஸ்பென்ஷன் உண்மை என்றால் இன்னும் வலுவாக.

ஆனால் 'ஏற்கெனவே தப்புச் செய்தவர்' என்பதை எங்கே பயன்படுத்துவது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பு ஒருவரை ஏமாற்றியதால் உங்களையும் ஏமாற்றினார் என்று குழு எழுதாது. ஒழுங்கு நடவடிக்கை ஏறக்குறைய கிரிமினல் வழக்கு மாதிரி. ஒருவரின் பிழைப்பே போகிற விஷயம், சந்தேகத்தின் பலன் அவருக்குப் போகும். உங்கள் பணத்தை எடுத்தார் என்பதை உங்கள் ஆவணங்களை வைத்தே நிரூபிக்க வேண்டும். அது நிரூபணமான பிறகு, என்ன தண்டனை என்ற கட்டத்தில்தான் பழைய கணக்கு வெளியே வரும். டைப்பிஸ்ட் சொன்னார் என்று எழுதாதீர்கள். கண்டனமோ சஸ்பென்ஷனோ எதுவானாலும் அவர் பெயருக்கு எதிரே கவுன்சில் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பது 41-வது பிரிவு. "எதிர்மனுதாரர் மீது முன்பு பிறப்பிக்கப்பட்ட ஒழுங்கு நடவடிக்கை உத்தரவுகளைக் கவுன்சில் தன் பதிவேட்டிலிருந்து வரவழைத்துப் பரிசீலிக்க வேண்டுகிறேன்" என்று புகாரின் கடைசிப் பத்தியில் ஒரு வரி போதும்.

அந்தச் சமாதானமாகப் போன முதல் புகார் இருக்கிறதே, கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் கணிப்பு. யாரோ ஒருவர் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு 'தவறான புரிதலால் புகார் கொடுத்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீட்டில் என்ன நெருக்கடியோ. ஆனால் அந்த ஒரு தாள் வக்கீலுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது: எடுக்கலாம், மாட்டினால் பாதியைக் கொடுத்தால் போதும். இப்போது உங்களிடம் ஆள் அனுப்பியிருப்பதும் அதே பாடத்தின் அடுத்த பக்கம்.

அந்த மூன்று லட்சத்தை என்ன செய்வது? வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பணம்தானே. ஆனால் ரொக்கமாக வேண்டாம், வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். எழுதிக் கொடுப்பதாக இருந்தால், "எனக்குத் தர வேண்டிய 6,30,000 ரூபாயில் இன்ன தேதியில் 3,00,000 ரூபாய் வரப்பெற்றேன்" என்ற ஒரு வரி ரசீது போதும். 'புகார் இல்லை', 'தவறான புரிதல்', 'பாக்கி எதுவும் இல்லை' என்ற சொற்கள் எந்தத் தாளில் இருந்தாலும் பேனாவைத் திறக்காதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து கூடவே கூடாது. இடையில் வந்தவருக்குப் பார் கவுன்சில் விதி ஒன்று தெரிந்திருக்காது. புகார்தாரர் வாபஸ் வாங்கினார், சமாதானமாகிவிட்டார், நடத்த விருப்பமில்லை என்றார் என்ற ஒரே காரணத்துக்காக ஒழுங்கு விசாரணையைக் கைவிடக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. தொடங்கியபின் அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள சண்டையாக நிற்பதில்லை. நடைமுறையில் புகார்தாரர் பின்வாங்கினால் சாட்சியில்லாமல் வழக்கு வாடிப்போகும் என்பதும் உண்மைதான். அதனால்தான் பின்வாங்க வேண்டாம் என்கிறேன்.

புகாரை எப்படி எழுதுவது? தமிழிலேயே எழுதலாம், விதி அனுமதிக்கிறது. வக்கீல் வைத்துத்தான் போட வேண்டும் என்பதில்லை. மனு வடிவில், கையெழுத்தோடு, கடைசியில் 'மேலே சொன்னவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்ற சரிபார்ப்பும் இருக்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, எத்தனை நகல் என்பதைக் கவுன்சில் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

நீங்கள் எனக்கு அனுப்பிய வரைவில் முதல் இரண்டு பக்கம் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பதிலேயே போய்விட்டது. காரில் வருகிறார், கல்யாண மண்டபம் கட்டுகிறார் என்பதெல்லாம் எதற்கு? வழக்கை நான்கு வருடம் இழுத்தார், இன்னும் கூடுதலாக வாங்கியிருக்கலாம் என்ற பகுதியையும் எடுத்துவிடுங்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் திறமைக் குறைவும் தப்பான யோசனையும் வேறு, ஒழுங்கீனம் வேறு என்று 1983-லேயே உச்சநீதிமன்றம் பிரித்துவிட்டது. கெட்ட எண்ணம் இல்லாத வெறும் கவனக்குறைவுக்கு கவுன் போகாது. அதை உள்ளே போட்டால், அதில் பதில் சொல்லியே அவர் ஒரு வருடம் ஓட்டுவார்.

அதற்குப் பதில் உங்கள் பாஸ்புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள். வரவு 6,80,000. அதற்குக் கீழே, செக் 2,00,000. இரண்டு நாள் கழித்து செக் 2,50,000. ஒன்பதாம் நாள் செக் 1,80,000. இருப்பு 50,000. இதைவிட நன்றாக ஒரு புகாரை என்னால் எழுத முடியாது. அப்புறம் வங்கிக்குப் போய், அந்த மூன்று செக்கின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள், முன்பக்கம் மட்டும் போதாது, பின்பக்கமும் வேண்டும். கவுண்டரில் ரொக்கம் கொடுக்கும்போது வாங்குகிறவரிடம் செக்கின் பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொல்வது வழக்கம். அங்கே குமாஸ்தாவின் கையெழுத்து இருந்தால், குறுக்கு விசாரணையில் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வங்கி தரத் தயங்கினால், குழுவே வரவழைக்கும்படி மனுப் போடலாம்.

விதிகளைப் பொறுத்தவரை மூன்றைக் குறிப்பிட்டால் போதும். கட்சிக்காரர் சார்பில் பணம் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், கேட்டால் கணக்குக் கொடுக்க வேண்டும். தன்னிடம் உள்ள கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. அவர் உங்களிடம் சொன்ன 'கைமாத்து' அப்படியே இந்த விதியில் போய் விழுகிறது. தெரியாமல் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். மூன்றாவது, வழக்கில் கிடைப்பதில் இத்தனை சதவீதம் என்று பேசவே கூடாது. நீங்களும் ஒத்துக்கொண்டீர்களே என்று பயப்பட வேண்டாம், அந்தத் தடை வக்கீலுக்குத்தான். அப்படியே பேச்சுப்படி உங்கள் பங்கில் இருபது சதவீதம் கணக்கிட்டாலும் 1,36,000 ரூபாய்தான் வரும். மீதிக்கு எந்தக் கணக்கும் இடிக்கும்.

கட்டைத் தர மாட்டேன் என்கிறாரே, அதற்கும் அவருக்கு உரிமை இல்லை. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-ல் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவுத் தபாலில் ஒரு முறை கேளுங்கள். தராவிட்டால் அதையும் புகாரில் தனிப் பத்தியாகச் சேருங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகலை, உங்கள் நஷ்டஈடு வழக்கை விசாரித்த தீர்ப்பாயத்தில் நீங்களே நகல் மனுப் போட்டு வாங்கலாம். வாங்கும்போதே, இனி இந்த வக்கீல் எனக்காக ஆஜராகவில்லை என்று ஒரு மெமோவும் கொடுத்துவிடுங்கள். மகள் டெபாசிட்டின் வட்டியோ முதலோ அவர் மூலமாக வெளியே வரக் கூடாது.

உங்கள் ஊரில் இன்னொரு வக்கீல் இவருக்கு எதிராக வக்காலத்துப் போட மாட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தினமும் ஒரே கேண்டீனில் டீ குடிப்பவர்கள், சங்கடம் இருக்கத்தான் செய்யும். உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதாலேயே உங்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வெளியூர் வக்கீல் வேண்டும் என்றும் கேட்டுப் பாருங்கள். 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்? ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் வழக்கு தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்பது 36-பி பிரிவு. அப்படிப் போனவையும் தேங்குவதைப் பார்த்து, அவற்றையும் ஓராண்டுக்குள் முடியுங்கள் என்று 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. காகிதத்தில் இப்படி. நடைமுறையில் வாய்தாக்கள் வரும், சென்னைக்கு நாலைந்து தடவையாவது பஸ் ஏற வேண்டியிருக்கும், ஒரு தடவை அவர் வக்கீலுக்குக் காய்ச்சல் என்பார்கள். குழுவில் இருப்பவர்களும் வக்கீல்கள்தானே, விட்டுக்கொடுப்பார்களா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் தொனிக்கிறது. அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணக் கையாடல் என்று வந்தால் சக வக்கீல்களுக்கும் கோபம் வரும், ஏனென்றால் இந்த ஒருவரால் நாளைக்கு எங்களிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடவே மக்கள் பயப்படுவார்கள். குழு தள்ளினாலும் மேல்முறையீடு உங்களுக்கும் உண்டு.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். பத்து செக் இலையில் கையெழுத்துப் போட்டீர்கள், எடுத்தது மூன்று. மீதி ஏழு எங்கே? உங்கள் கையெழுத்தோடு அவை அவர் மேஜை டிராயரில் இருக்கின்றன என்றால், கணக்கில் மிச்சமிருக்கும் 50,000 ரூபாயோடு ஆபத்து நிற்காது. அதில் ஒன்றில் ஐந்து லட்சம் என்று எழுதி வேறொருவர் பெயரில் போட்டு, திரும்பி வந்ததும் 138-ல் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம். அந்த ஏழு செக் எண்களையும் எழுதி, இன்னாரிடம் வெற்றுச் செக்காகக் கொடுத்தவை என்று குறிப்பிட்டு, பணம் கொடுப்பதை நிறுத்தும்படி வங்கியில் கடிதம் கொடுங்கள். நகலில் வங்கி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கு நீங்கள் அனுப்பும் அடுத்த பதிவுத் தபாலிலும் அந்த ஏழு எண்களையும் எழுதித் திருப்பிக் கேளுங்கள். செக் புத்தகத்தின் அடிக்கட்டு உங்களிடம் இருந்தால் எண்கள் அதிலேயே இருக்கும். இல்லாவிட்டாலும், எடுத்த மூன்றின் எண் பாஸ்புத்தகத்தில் இருப்பதால் மற்றவற்றை வங்கியிலேயே சொல்லிவிடுவார்கள். நாளைக்குக் காலையில் வங்கி திறந்ததும் போங்கள்.